ஜிமெயிலில் எழுதுவோரை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள்: சேலம் தொழில் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்தின் தொழில், வணிக நிறுவன உரிமையாளர்களுக்கும், அந்நிறுவனங்களின் மின்னஞ்சல் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டையில் சிறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து, அவர்களுடைய கடிதப் போக்குவரத்தையும் கவனித்து வருபவன் நான். அண்மைக் காலமாக, ஓரளவு பெரிய நிறுவனங்கள் சில ஜிமெயில், யாஹூ, ரெடிஃப்மெயில், அவுட்லுக் போன்ற இலவசச் சேவைகளிலிருந்து வரும் மின்னஞ்சல்களை மொத்தமாகத் தடுக்கத் தொடங்கியிருப்பதை என் வாடிக்கையாளர்களுக்குத் திரும்பி வரும் கடிதங்களிலிருந்து அறிகிறேன். சொந்த டொமைன் முகவரி (அதாவது, @ குறிக்குப் பின் தங்கள் நிறுவனத்தின் பெயரே வரும் முகவரி) இல்லாதவர்களைச் சரக்கு கொடுப்போர் பட்டியலில் பதிவு செய்துகொள்ளவே மறுக்கும் இணையப் படிவங்களும் வந்துவிட்டன. இந்த விதியைக் கைவிடுங்கள் என்று கேட்பதே இம்மடலின் நோக்கம். உணர்ச்சியைத் தூண்டிக் கேட்கவில்லை. விதி எதைத் தடுப்பதாக நினைக்கிறீர்களோ அதை அது தடுப்பதில்லை, யாரைத் தடுக்கக் கூடாதோ அவர்களைத்தான் தடுக்கிறது என்பதைக் காரணத்தோடு சொல்லவே விரும்புகிறேன்.

முதலில் உங்கள் அச்சத்தை மதிக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலாளியின் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கைத் தொடங்கி, கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு, 'நான் ஒரு கூட்டத்தில் இருக்கிறேன், இந்த வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பிவிடுங்கள், தொலைபேசியில் அழைக்க வேண்டாம்' என்று எழுதும் மோசடி இன்று உலகெங்கும் நடக்கிறது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு 2023ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகை வணிக மின்னஞ்சல் மோசடிகள் குறித்து இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. அவற்றில் இழந்ததாகச் சொல்லப்பட்ட தொகை 290 கோடி டாலருக்கும் மேல். எனவே, பயம் வீண் பயம் அல்ல. கைப்பேசித் திரையில் அனுப்பியவரின் பெயர் மட்டும் பெரிதாகத் தெரிந்து முகவரி மறைந்துவிடுவதால், அனுபவமுள்ள கணக்கர்களும் இதில் ஏமாறுகிறார்கள். இத்தகைய ஒரு கடிதம் ஒருமுறை வந்துவிட்டால், 'இனி ஜிமெயிலே உள்ளே வரக் கூடாது' என்று உரிமையாளர் உத்தரவு போடுவது மனித இயல்பு. அந்த உத்தரவை அன்றே நிறைவேற்றுவது, மின்னஞ்சலைப் பெற்று அனுப்பும் கணினியான சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கும் மிக எளிது. நான்கைந்து டொமைன் பெயர்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தால் வேலை முடிந்தது. எளிதாக இருப்பதுதான் இந்த விதி பரவுவதற்குப் பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

இனி, இந்த மாவட்டத்தில் இலவச முகவரியிலிருந்து எழுதுவோர் யார் என்று பாருங்கள். சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைக்காரர்கள், இளம்பிள்ளையில் சேலை உற்பத்தி செய்து வெளியூர் மொத்தக் கடைகளுக்கு அனுப்புவோர், ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு உதிரிப் பாகம் வார்த்துக் கொடுப்பவர்கள், லீ பஜாரில் தரகு வியாபாரம் செய்பவர்கள், ஏற்காட்டில் சில ஏக்கர் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர்கள், அங்கேயே தங்கும் அறைகள் நடத்துபவர்கள் என, எனக்குத் தெரிந்த வரை இவர்களில் பெரும்பாலோர் வணிகத்துக்கு வைத்திருப்பது ஒரே ஒரு ஜிமெயில் முகவரி. வயதில் மூத்த சிலரிடம் இன்னும் ரெடிஃப்மெயில் முகவரி இருக்கிறது; அது பில் புத்தகத்திலும் கடைப் பலகையிலும் அச்சாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் அவர்கள் அதை மாற்றுவதாக இல்லை. இவர்களைத் தவிர, வேலைக்கு விண்ணப்பிக்கும் பொறியியல் கல்லூரி மாணவர்கள், வாங்கிய பொருளில் குறை சொல்லும் வாடிக்கையாளர்கள், தனியாகத் தொழில் நடத்தும் வழக்கறிஞர்கள், தணிக்கையாளர்கள் ஆகியோரிலும் பெரும்பகுதியினர் அப்படித்தான்.

இது சோம்பேறித்தனத்தால் வந்த நிலைமை அல்ல, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1996 ஜூலையில் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கியபோதுதான், சொந்தக் கணினியோ இணைய இணைப்போ இல்லாதவரும் ஏதோ ஓர் இன்டர்நெட் மையத்தில் உட்கார்ந்து தனக்கென ஒரு முகவரி பெறலாம் என்ற நிலை வந்தது. 2004 ஏப்ரலில் ஒரு ஜிகாபைட் இடத்துடன் ஜிமெயில் வந்த பிறகு, பழைய கடிதங்களை அழிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. சிறு வணிகர் ஒருவருக்கு அது அஞ்சல் பெட்டி மட்டுமல்ல, பல ஆண்டு விலைப்பட்டியல்களும் ஆர்டர்களும் சேர்ந்த கோப்பறையும் கூட. ஜி.எஸ்.டி. பதிவின்போது அதே முகவரிக்குத்தான் ஒருமுறைக் கடவு எண் வருகிறது. துறையின் அறிவிப்புகளும் அதற்கே வருகின்றன. அரசின் வரித்துறை ஒரு வணிகரின் அடையாளமாக ஏற்றுக்கொள்ளும் முகவரியை, அவரிடம் சரக்கு வாங்கும் நிறுவனம் ஏற்க மறுப்பதில் என்ன முறை இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, மோசடியாவது குறைகிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விதியின் முழு நியாயமும் இதில்தான் தொங்குகிறது.

மின்னஞ்சல் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முறை 1982இல் வரையறுக்கப்பட்டது. அப்போது இணையத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். ஆகவே அனுப்புநர் என்று எழுதப்பட்டிருக்கும் பெயர் உண்மைதானா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. அந்தக் குறையை அடைக்கத்தான் பின்னாளில் மூன்று ஏற்பாடுகள் வந்தன. இந்த டொமைனின் பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று அறிவிப்பது எஸ்.பி.எஃப்.; கடிதத்தின் மேல் பிறர் போலியாக இட முடியாத மின்னணுக் கையொப்பம் இடுவது டி.கே.ஐ.எம்.; இவ்விரண்டும் பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்று டொமைனின் உரிமையாளரே சொல்லிவைப்பது டிமார்க். தன் சர்வரிலிருந்து வராமல் தன் பெயரைச் சொல்லி வரும் கடிதங்களை நிராகரித்துவிடுங்கள் என்று யாஹூ 2014 ஏப்ரலிலேயே டிமார்க் வழியாக அறிவித்தது. 2024 பிப்ரவரியிலிருந்து, நாளொன்றுக்கு ஐயாயிரம் கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் பெருமளவில் அனுப்புவோருக்கு அதே நிபந்தனைகளை விதித்தது. ஜிமெயிலின் உண்மையான சர்வரிலிருந்து வரும் கடிதம் கையொப்பத்தோடுதான் வருகிறது, சாதாரணக் கணக்கு ஒன்றிலிருந்து நாளுக்கு ஐந்நூறு கடிதங்களுக்கு மேல் அனுப்பவும் முடியாது. சுருங்கச் சொன்னால், இன்று உங்கள் சர்வரின் வாசலுக்கு வரும் கடிதங்களில், எங்கிருந்து வந்தது என்று மிக எளிதாகச் சரிபார்க்கத் தக்கவற்றுள் இந்த இலவசச் சேவைகளின் கடிதங்களும் அடங்கும். அவற்றை முதலில் தடுப்பது விசித்திரம்.

கடிதம் ஜிமெயிலிலிருந்து வந்தது உறுதி என்றாலும் எழுதியவர் யோக்கியர் என்பது உறுதியாகாது என்று நீங்கள் சொல்லலாம். மிகச் சரி. ஆனால் சொந்த டொமைன் வைத்திருப்பவருக்கும் அதே கதிதான். சில நூறு ரூபாய் கொடுத்தால், உங்களுக்கு இரும்புத் தகடு சப்ளை செய்யும் நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒரு டொமைனை யாரும் வாங்கிவிடலாம், அதற்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றையும் ஒழுங்காக அமைத்துவிட்டு எழுதினால், உங்கள் சர்வர் அதை மரியாதையாக உள்ளே விடும். அதைவிட மோசமானது, சப்ளையரின் உண்மையான அஞ்சல் பெட்டியே களவு போவது. கடவுச்சொல்லைத் திருடியவன் அவசரப்படுவதில்லை. நடந்துகொண்டிருக்கும் கடிதத் தொடரைப் படித்துவிட்டு, பில் அனுப்ப வேண்டிய நாளில், அதே தொடரில், அதே நடையில், வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்புகிறான். பெரும்பணம் போவது இந்த வழியில்தான் என்பது இத்துறையில் இருப்போர் அறிந்ததே. இலவச முகவரிகளைத் தடுக்கும் விதி இந்த இரண்டையும் தொடுவதே இல்லை. மாறாக, 'ஜிமெயிலை நிறுத்திவிட்டோம், இனி உள்ளே வருவதெல்லாம் நல்லது' என்ற மெத்தனத்தைக் கணக்குப் பிரிவில் உண்டாக்கிவிடுகிறது. வெள்ளி வாங்கும்போது அது எந்தக் கடையின் பையில் வருகிறது என்று பார்த்தா விலை பேசுகிறோம்? டச் எடுத்து, அதாவது வெள்ளியின் தூய்மையைச் சோதித்துப் பார்த்துத்தானே பேசுகிறோம். கடிதத்திலும் பார்க்க வேண்டியது உள்ளிருப்பதைத்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட விரும்புகிறேன், ஏனெனில் நான் பேசிப் பார்த்த சில மேலாளர்கள் இதை வைத்துத்தான் வாதாடினார்கள். தன் ஊழியர்கள் நிறுவன வேலைக்குச் சொந்த ஜிமெயிலைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு நிறுவனம் கட்டளையிடுவது முற்றிலும் நியாயம். மத்திய அரசும் 2015இல் வெளியிட்ட மின்னஞ்சல் கொள்கையில் அலுவல் கடிதங்களுக்கு அரசின் சேவையையே பயன்படுத்த வேண்டும் என்றுதான் தன் ஊழியர்களுக்குச் சொன்னது. ஊழியர் வேலையை விட்டுப் போனால் கடிதங்களும் அவரோடு போய்விடக் கூடாது, நிறுவனத்தின் இரகசியம் வெளியே தேங்கக் கூடாது என்பவை நல்ல காரணங்கள். ஆனால் அது நீங்கள் எப்படி எழுத வேண்டும் என்பதைப் பற்றிய விதி. உங்களுக்கு எழுதும் வெளியார் எப்படி எழுத வேண்டும் என்பது வேறு. முதலாவதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று கூட இரண்டாவதற்குப் பொருந்தாது.

'அப்படியானால் அவர்களும் ஒரு டொமைன் வாங்கிக்கொள்ளட்டுமே, அதிகச் செலவில்லையே' என்பது அடுத்து வரும் பதில். செலவு குறைவுதான், ஆனால் தொல்லை முழுவதும் செலவுக்கு அப்பால் இருக்கிறது. டொமைனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கொலுசுப் பட்டறைக்காரருக்கு அதை அமைத்துக் கொடுத்த பையன் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விடுவான், புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் அவனுடைய பழைய முகவரிக்குப் போகும், ஒருநாள் டொமைன் காலாவதியாகிவிடும். காலாவதியான பெயரை வேறு யாரும் பதிவு செய்து, பழைய முகவரிக்கு வரும் கடிதங்களை எல்லாம் தாமே வாங்கிக்கொள்ளவும், அந்த முகவரியிலிருந்து உங்களுக்கு எழுதவும் முடியும். ஜிமெயில் கணக்கில் இந்த ஆபத்து இப்படி இருப்பதில்லை. மேலும், மேற்சொன்ன மூன்று ஏற்பாடுகளையும் பிழையின்றி அமைக்க இந்த ஊரில் சிறு வணிகர்களுக்கு எளிதில் ஆள் கிடைப்பதில்லை. அரைகுறையாக அமைத்தால் அவர்களுடைய கடிதங்கள் எல்லாருடைய ஸ்பேம் பெட்டிக்கும் போய்ச் சேரும். கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்போடு பாதுகாக்கப்பட்ட ஓர் ஜிமெயில் கணக்கை விட்டுவிட்டு, பூட்டு சரியில்லாத சொந்த டொமைனுக்கு மாறும்படி நூற்றுக்கணக்கான சிறு வணிகர்களை நெருக்கினால், மோசடிக்காரர்களுக்குத்தான் வசதி செய்து கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

தடுக்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில நிறுவனங்கள் கடிதத்தை வாசலிலேயே, ஏற்க மறுப்பதைக் குறிக்கும் 550 என்ற எண்ணோடு திருப்பி அனுப்புகின்றன. அது கண்ணியமான வழி என்றே சொல்வேன். எழுதியவருக்குக் கடிதம் சேரவில்லை என்றாவது தெரியும், புரியாத ஆங்கிலத்தில்தான் தெரியும் என்றாலும். வேறு சிலவோ கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாக எதிர் சர்வரிடம் ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு சத்தமில்லாமல் அழித்துவிடுகின்றன. மின்னஞ்சலுக்கான தொழில்நுட்ப வரையறையே, கடிதம் மோசடியானது அல்லது வேறு வகையில் தகாதது என்பதில் மிக உறுதியான நம்பிக்கை இருந்தால் மட்டுமே இப்படிச் சத்தமில்லாமல் கைவிடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது. அனுப்பியவரின் முகவரி எந்த டொமைனில் முடிகிறது என்பதை வைத்து அப்படிப்பட்ட உறுதி எப்படி வரும்?

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவர், விலை கேட்ட ஒரு நிறுவனத்துக்குத் தம் ஜிமெயிலிலிருந்து விலைப்புள்ளி அனுப்பினார். பதில் இல்லை. விலை பிடிக்கவில்லை போலும் என்று எண்ணிச் சரக்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். பல வாரம் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது, விலைப்புள்ளி அனுப்பாமல் இழுத்தடித்ததாகக் கோபத்தோடு. அழைத்தவர் மேல் தவறில்லை. தம் நிறுவனத்தில் அப்படி ஒரு விதி இருப்பதே அவருக்குத் தெரியாது. நிறுவனம் நல்ல காப்பியை இழந்தது, விவசாயி நல்ல விலையை இழந்தார், யாரும் எந்த மோசடியிலிருந்தும் காப்பாற்றப்படவில்லை. இந்த விதியால் வரும் நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை என்பதால்தான் விதி இத்தனை நாள் உயிரோடு இருக்கிறது.

சட்டத்தின் பக்கமும் யோசியுங்கள். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 13இல், இருதரப்புக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பெறுபவர் தமக்கென ஒரு கணினி அமைப்பைக் குறிப்பிட்டிருந்தால், மின்னணுப் பதிவு அதற்குள் நுழையும் நேரமே அது பெறப்பட்ட நேரம் என்கிறது. அப்படியானால், சர்வர் ஒப்புக்கொண்டு வாங்கிய பிறகு அழிக்கப்பட்ட கடிதம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிட முழு இடம் இருக்கிறது. நீங்கள் படிக்கவே படிக்காத ஒரு நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்ததாகிவிடும். சிறு, குறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்குவோர் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் கெடு ஓடுவது சரக்கை ஏற்ற நாளிலிருந்து. 'பில் மெயிலில் வரவில்லை' என்பதால் அது நின்றுவிடாது. இப்போது வருமான வரிச் சட்டமும் இதோடு சேர்ந்துகொண்டுள்ளதால், கெடு தாண்டி நிலுவையில் நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாமல் போவது உங்களுக்குத்தான். இணையத்தில் விற்பனை செய்வோர் நுகர்வோர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் கூறுகின்றன. நுகர்வோர் எந்த முகவரியிலிருந்து புகார் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

ஆகவே என்ன செய்யலாம் என்று கேட்டால், செய்யக் கூடியவை உங்கள் சர்வரிலேயே பெரும்பாலும் இருக்கின்றன. உங்கள் இயக்குநர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, வெளியிலிருந்து அதே பெயரோடு வரும் கடிதத்தை மட்டும் தனியே நிறுத்தி வையுங்கள். நீங்கள் அஞ்சும் அந்த முதலாளி மோசடியில் பெரும்பகுதியை இந்த ஒரு விதியே பிடித்துவிடும், எந்தக் காப்பி விவசாயியும் இதில் சிக்க மாட்டார். வெளியிலிருந்து வரும் எல்லாக் கடிதங்களின் மேலும் 'இது வெளியிலிருந்து வந்தது' என்ற குறிப்பு தெரியும்படி செய்யுங்கள். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் சோதனையை ஜிமெயிலுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் ஒன்றுபோல் நடத்துங்கள், உங்கள் சொந்த டொமைனுக்கும் அவற்றை அமைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பிறரைத் தடுக்கும் நிறுவனங்களின் டொமைனிலேயே டிமார்க் இல்லாமல் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். இயங்கக் கூடிய கோப்புகளை இணைப்பாக வராமல் நிறுத்துங்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. சந்தேகம் வந்த கடிதத்தை அழிக்காமல் தனிப் பெட்டியில் வைத்து, நாள்தோறும் ஒருவர் பார்க்கும்படி செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றச் சொல்லி யார் எழுதினாலும், எந்த முகவரியிலிருந்து எழுதினாலும், கடிதத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, உங்கள் பழைய பதிவேட்டில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்ட பிறகே மாற்றுவது என்ற வழக்கத்தைக் கணக்குப் பிரிவில் கொண்டுவாருங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் நேரம் கடத்தாமல், இணையவழிப் பண மோசடிக்கான அரசின் உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அவர்கள் மேசையில் எழுதி ஒட்டுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

ஊதியப் பட்டியல், வங்கிக் கடிதம் ஆகியவை மட்டும் வரும் உள் முகவரி ஏதேனும் இருந்து, அதற்கு வெளியார் யாருமே எழுத வேண்டியதில்லை என்றால், அந்த ஒரு பெட்டிக்கு நீங்கள் எவ்வளவு கடுமையான விதியும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கொள்முதல், விற்பனை, புகார், வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கு என்று பில்லிலும் பலகையிலும் அச்சிட்டு ஊருக்கு அறிவித்த முகவரிகள் அப்படியல்ல. சர்வரின் குறைகளைச் சொல்வதற்கென்று ஒவ்வொரு டொமைனிலும் இருக்க வேண்டிய போஸ்ட்மாஸ்டர் முகவரியும் திறந்திருக்க வேண்டும். அதையும் அடைத்துவிட்டால், 'என் கடிதம் உங்களுக்கு வரவில்லை' என்று உங்களுக்குச் சொல்லவே வழியில்லாமல் போகிறது.

இதை ஏற்கத் தயங்குவோரிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். விதியை நீக்குவதற்கு முன், கடந்த ஒரு மாதத்தில் உங்கள் சர்வர் திருப்பி அனுப்பிய, அழித்த கடிதங்களின் பதிவை எடுத்துத் தரச் சொல்லி உங்கள் கணினிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அதில் அனுப்பியவர் முகவரிகள் இருக்கும். கொள்முதல் மேலாளரையும் விற்பனை மேலாளரையும் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் பட்டியலைப் படியுங்கள். தெரிந்த பெயர்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அந்தந்தப் பெயருக்கு உரியவரை அன்றே தொலைபேசியில் அழைத்து, என்ன எழுதியிருந்தார் என்று கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டைக் கணக்கர் ஒருவர்